அரைவட்டச் சுவர்

எழுதுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் புள்ளிக்காரர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் புத்தகம் வெளிவராது என்கிற பயம்.

பெயர் வந்த கதை சின்னதுதான். மண்ணுக்கடியில் புதைந்துபோன ஆதிகாலத் தேவாலயங்களைத் தோண்டி ஆராய்கிறவர்கள், கிடைத்ததைப் படமாக வரையும்போது ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கண்ணால் கண்ட சுவருக்கு முழுக் கோடு. இங்கே இருந்திருக்கும் என்று ஊகித்த சுவருக்குப் புள்ளிக் கோடு. அந்தத் துறையின் புத்தகங்களை மட்டும் போடும் பதிப்பாளர் இவர். கைப்பிரதியைக் கொண்டுவந்தவன் தொலைந்தான். படத்தில் ஒவ்வொரு கோடாகச் சிவப்புப் பென்சிலால் குத்தி, பார்த்தீர்களா, பார்க்கவில்லை என்றால் புள்ளி வையுங்கள் என்று உயிரை எடுப்பார். ஒரு பையன் மூன்று தடவை திருத்திக்கொண்டு வந்து, நாலாவது தடவை வராமல், கடைசியில் காப்பீட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். அதற்காக இவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பதிப்பாளராக ஆவதற்கு முன்னால் இவரே ஆராய்ச்சிக்காரர்தான். படித்து முடித்த கையோடு ஒரு பேராசிரியரிடம் சேர்ந்தார். பேருந்து நிலையத்தை ஒட்டின காலி மனையில் அவர்கள் தோண்டினார்கள். நீளமான ஒரு கூடம், படிகள் இறங்கும் ஒரு தொட்டி, கூடத்தின் கிழக்குக் கோடியில் அரைவட்டமாக வளைந்த ஒரு சுவர். அந்த வளைவுதான் எல்லாம். பீடம் வைக்கிற இடம் அது. அது இருந்தால் கட்டடம் தேவாலயம், தொட்டி ஞானஸ்நானத் தொட்டி. அது இல்லையென்றால் எவனோ பணக்காரன் குளித்துக் கும்மாளம் போட்ட வீடு. படத்தை வரைந்தது இவர். ஊர் ஊராக எடுத்துப்போய்க் காட்டியது பேராசிரியர். கைதட்டல் கிடைத்தது; துறைத்தலைவர் நாற்காலியும் கிடைத்தது.

அதோடு மனிதர் வாயை மூடிக்கொண்டார். தோண்டியவர் அறிக்கை எழுதும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது என்பது அந்தத் துறையின் வழக்கம். இவர் போய்க் கேட்பார், பார்க்கலாம்பா என்பார் அவர். மறுவருஷமும் கேட்பார், மறுவருஷமும் பார்க்கலாம். இதற்குள் தோண்டின குழியை மூடி, மேலே பேருந்துப் பணிமனையைக் கட்டிவிட்டார்கள். வைக்கோற்போர் நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று இவர் வேலையை உதறிவிட்டு வந்தார். மனைவியோடு சேர்ந்து ஒரு பழைய மரக்கடையின் மாடியில் பதிப்பகம் தொடங்கினார். யாருடைய உழைப்பும் இனிமேல் பெட்டியில் கிடந்து செல்லரிக்கக் கூடாது என்று சபதம் வேறு. பதிப்பகத்துக்கு முத்திரை என்ன தெரியுமா? அந்த அரைவட்டச் சுவர்தான். பெயர்ப்பலகையில் அது, உறையில் அது, ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அது.

ஆராய்ச்சிப் புத்தகத்தை வாங்க நாலு பேர் இருந்தால் பெரிது. மனைவிதான் ஜெபப் புத்தகமும் நாட்காட்டியும் போட்டுக் கடையை ஓட்டினாள். இவர் ஓட்டியது பேராசிரியரை. எந்தப் புத்தகம் வந்தாலும் பதிப்புரையில் ஒரு குத்தல் இருக்கும். தோண்டிவிட்டு எழுதாதவன் திருடன் என்று ஒரு தடவை அச்சிலேயே போட்டார். பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று தெரியாதா என்ன? கூட்டங்களில் பேராசிரியரைப் பார்த்து இளசுகள் சிரித்தார்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு மாலை போடக்கூட ஆளில்லை. அந்தச் செய்தி வந்த அன்று இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்தக் குழியைப் பற்றி இவர் எழுதக் காத்திருந்த சொந்தப் புத்தகத்துக்கு மனைவி வைத்த பெயர் மூத்த பிள்ளை. "மூத்தவன் இன்னும் வயித்துலயேதான் இருக்கான்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குக் கீழே எவ்வளவு வலி இருந்தது என்று இவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் துறைக்குப் புதுத் தலைவி வந்தாள். இவரோடு படித்தவள். அந்தக் கிழவருக்காக எத்தனை காலம் காத்திருப்பது, நீயே போடு என்று அனுமதி கொடுத்து, பழைய பெட்டிகளையும் அனுப்பிவைத்தாள். மனைவி அன்றே அச்சகத்தில் சொல்லிவைத்துவிட்டாள்.

இவர் பெட்டியைப் பிரித்து, குழியில் உட்கார்ந்து தானே பென்சிலால் வரைந்த தாள்களை மேசையில் பரப்பினார். மழைத்துளி விழுந்து தாள் அங்கங்கே உப்பியிருந்தது. மேற்குச் சுவர், முழுக் கோடு. தொட்டி, முழுக் கோடு. கிழக்குக் கோடியில் வளைவு. புள்ளி, புள்ளி, புள்ளி.

தோண்டி முடிப்பதற்குள் மழை வந்து அந்த மூலை சரிந்தது இப்போது ஞாபகம் வந்தது. அறைக்கு வந்து மையால் நகல் எடுத்தபோது, புள்ளிகளின் மேல் கை தானாக முழுக் கோடாய் ஓடியதும் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டாராம்! ஊரில் உள்ளவன் கோடுகளையெல்லாம் குத்திக் குத்திக் கேட்டவருக்குத் தன் கோடு மட்டும் மறந்துபோயிற்றாம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் காலை பேராசிரியர் வீட்டுக்குப் போனார். கிழவர் சன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரென்று தெரிந்தும் உட்காரச் சொல்லவில்லை. இவர் தாளை நீட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நீ மையில போட்டுக் கொண்டாந்தப்பவே கேட்டனே. இந்தச் சுவரைப் பாத்தியான்னு. பாத்தேன்னு சொன்ன. இந்தப் பென்சில் தாளைப் பின்னாலதான் பாத்தேன்."

"இந்தத் தாளைப் பாத்தப்புறம் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கிழவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் அதைப் பாக்கறதுக்குள்ள உன் படத்தைக் காட்டி நாற்காலி வாங்கிட்டேன். அப்புறம் எழுதினா பொய். எழுதாட்டி சோம்பேறி. சோம்பேறின்னு பேர் வாங்கறது சுலபமா இருந்துச்சு. உன்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்காத. நான் என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன்."

திருடன் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க இவர் வாயெடுத்தார். கிழவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதெல்லாம் இனி எதற்கு என்பதுபோல இருந்தது. வாசல்வரை வந்து வழியனுப்ப யாரும் இல்லை.

அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அழவில்லை, திட்டவில்லை. மெதுவாக ஒன்று கேட்டாள்.

"கோடாவே போட்டுட்டா யாருக்குத் தெரியும்? மேல பஸ் நிக்குது. யாரும் தோண்டப் போறதில்ல."

இதைத்தான் தன் மனசும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தது என்று இவர் சொல்லவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, அச்சுக்குப் போக வேண்டிய படத்தில் தன் கோட்டைத் தானே குத்தினார். பிறகு உட்கார்ந்து புள்ளி வைத்தார். அதோடு தேவாலயம் போயிற்று. பேராசிரியரைக் கிழிப்பதற்காக வருஷக்கணக்காய்த் தீட்டிவைத்திருந்த முன்னுரையும் போயிற்று. அதன் இடத்தில், பார்க்காத சுவரைப் பார்த்ததாக வரைந்தவன் நான் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். மிச்சம் இருந்தது, தொட்டியுள்ள ஏதோ ஒரு கட்டடம். புத்தகம் பாதியாக மெலிந்தது.

கடைசி மெய்ப்பு வந்தபோது மனைவி முதலில் உறையைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள், மறுபடியும் உறையைப் பார்த்தாள்.

"உள்ள புள்ளி, வெளிய கோடு. படிக்கிறவங்க எதைங்க நம்பறது?"

இவர் உறையை வாங்கி, சிவப்புப் பென்சிலால் முத்திரையை அடித்து நீக்கினார். இத்தனை வருஷமாக அந்த மாடியிலிருந்து எத்தனையோ பேருடைய புத்தகங்கள் அந்த வளைவோடு வெளியே போயிருந்தன. முத்திரை இல்லாமல் போனது இவருடைய புத்தகம் ஒன்றுதான்.