நீலப் பொட்டு வைத்த சக்கை

எங்கள் பக்கத்தில் பலாப்பழத்துக்குச் சக்கை என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கரும்பைப் பிழிந்து தூர எறிவதைத்தானே சக்கை என்போம் என்பார்கள். ஒரு சுளையை வாயில் வைத்த பிறகு யாரும் பெயரைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

இராஜாக்கமங்கலம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. அடுத்த வீட்டு அண்ணாச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு வரிக்கைச் சக்கை மரம் நிற்கிறது. வரிக்கை என்றால் சுளை கெட்டியாக, கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் போடுகிற வகை. மரம் நிற்பது அவர் மண்ணில். கிளையில் பாதி மதிலைத் தாண்டி எங்கள் முற்றத்தின் மேல் நிற்கிறது.

சித்திரை பிறந்தால் அந்த மரத்தடியில் தினமும் திருவிழாதான். அண்ணாச்சி தேங்காயெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு வெட்டுகத்தியோடு உட்காருவார். ஒரு சக்கையை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. அதனால் வெட்டும்போதே இந்தத் துண்டு இன்ன வீட்டுக்கு என்று அவர் கை பிரித்துக்கொண்டே போகும். வைகாசி ஆகும்போது வாங்குவதற்கு ஆள் கிடைக்காது. கிண்ணத்தோடு அவர் வருவது தெரிந்தால் சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை வாசலிலேயே மறித்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து தந்ததே இன்னும் வயித்த விட்டு எறங்கல்ல."

"ஏறினவன் எறங்காமலா போவான்? கடைசி ஸ்டாப்பு வரட்டும், பிடி" என்று கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டு வந்தார்.

எங்கள் பக்கம் தொங்குகிற சக்கை யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. விழுந்தால் நாங்கள் வெட்டுவோம், தெருவுக்குக் கொடுப்போம், அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். பேச வேண்டிய விஷயம் என்று அவருக்கும் தோன்றியதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. மழை பெய்வதைப் பற்றி யார் ஒப்பந்தம் போடுவார்கள்?

பிறகு அண்ணாச்சிக்கு முட்டு வலி வந்தது. மரம் ஏறுகிறவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பழம் மரத்திலேயே பழுத்து விழுந்து ஈ மொய்த்தது. அதே காலத்தில்தான் சக்கைக்குப் புது மவுசு வந்தது. பச்சைச் சக்கையைப் பொடித்த மாவு சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஆளாளுக்குக் கைபேசியில் வீடியோ அனுப்பினார்கள். நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் சுளைகளை வெள்ளைத் தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருந்ததை நானும் என் மனைவியும் பார்த்தோம். அவள் அந்தத் தட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"மணமே இல்லியே. இது செத்துப்போன சக்கையாக்கும்" என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மாசி மாதம் மேற்கே இருந்து ஒரு வியாபாரி, எங்கள் பேச்சில் கச்சவடக்காரர், டெம்போவில் வந்தார். சிப்ஸ் போடுகிற கம்பெனிக்குச் சக்கை பிடித்துக் கொடுப்பவர். இடிச்சக்கைப் பருவத்தில் காய் சின்னதாக இருக்கும்போதே மரத்தை மொத்தமாக விலை பேசி, முன்பணம் கொடுத்து, ஒவ்வொரு காயிலும் நீலப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். ஏணி வைத்து எங்கள் பக்கத்துக் காய்களுக்கும் பொட்டு வைத்தார்கள்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஏற முடியாத மரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் அதற்குப் பிறகு அவர் மதிலோரம் வருவது நின்றுபோனது. காலையில் பேப்பர் படித்துவிட்டு அங்கே நின்று எனக்கு ஊர்க்கதை சொல்லுவார். அந்தப் பேச்சு இல்லாமல் எனக்குக் காப்பி இறங்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால், "என்ன மக்கா, சொகமா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவார். சக்கை போனால் போகட்டும், இந்த மனுசன் போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

வைகாசி மழை பிடித்துக்கொண்டது. சொன்ன நேரத்துக்கு வியாபாரியின் வண்டி வரவில்லை. ஒரு நாள் நான் வடசேரி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், பழுத்த சக்கை ஒன்று எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து பிளந்துவிட்டது. பொட்டு இருந்த பக்கம் சேற்றில் அமுங்கியிருக்கிறது. என் மனைவி எத்தனையோ வருடப் பழக்கத்தில் கத்தியை எடுத்தாள், வெட்டினாள், வழக்கமான வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். அண்ணாச்சி வீட்டுக்கும் கொடுத்தாள்.

நான் திரும்பி வந்து, ஆட்டுக்குப் போட முள்தோல் மடலை அள்ளும்போது நீலப் பெயிண்டைப் பார்த்தேன்.

"ஏட்டி, இது வித்த சக்கையில்லா?"

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். "விக்கது போறது எல்லாம் என் கைக்கு எப்படித் தெரியும்? விழுந்துச்சு, வெட்டிச்சு."

அந்நேரம் பார்த்து அண்ணாச்சியின் மனைவி கழுவின கிண்ணத்தோடு வந்தார். நாங்கள் மயினி என்று கூப்பிடுவோம். "நல்ல மதுரம், கேட்டியா. அவிய ரெண்டு தடவ வாங்கித் தின்னாவ. எந்த ஊர்ச் சக்கை?" என்று கேட்டார்.

என் மனைவி மேலே கையைக் காட்டினாள்.

மறுநாளே வண்டி வந்தது. காய்களை இறக்கிய பிறகு வியாபாரி மரத்தைச் சுற்றி வந்து அண்ணாச்சியிடம், "ஒண்ணு கொறவுண்டே, அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தான் வெட்டினேன். விழுந்து பிளந்து கெடந்துச்சு. பொட்டப் பாக்கல்ல."

வியாபாரி கோபப்படவில்லை. "விழுந்தாலும் எடுத்து வச்சிருக்கணும் அக்கா. சுளை போனாலும் கொட்டைக்கு ஆளுண்டு. அதையும் பொடிக்காவ" என்றார். அவள் உள்ளே போய், காய வைத்திருந்த கொட்டைகளை முறத்தோடு கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள். அவர் ஒரு சாக்கை விரித்து முறத்தைச் சாய்த்தார். சில கொட்டைகள் சாக்கில் விழுந்தன.

"அத வைடே" என்றார் அண்ணாச்சி. கண்டக்டர் குரல், பஸ்ஸே நின்றுவிடும்.

"இல்ல அண்ணாச்சி, கணக்குன்னு ஒண்ணு..."

"கணக்க என்கிட்டப் பிடி. எனக்குத் தரவேண்டியதுல கொறச்சுக்கோ. அவ வீட்டு மொறத்துல கை வைக்காத."

வியாபாரி சாக்கில் விழுந்ததைப் பொறுக்கி முறத்தில் போட்டார். குறைக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டுதான் போனார். அண்ணாச்சி எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அடுத்த மாசியில் அதே வண்டி வந்தது. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே அண்ணாச்சி தடி ஊன்றி மரத்தடிக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "மதிலுக்கு அந்தப் பக்கம் தொங்குகது கச்சவடத்துல கெடையாது. அதுக்குத் தக்க வெலையச் சொல்லு." வியாபாரி விலையை இறக்கினார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். எங்கள் பக்கத்துக் காய்களுக்குப் பொட்டு வைக்காமல் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவர் மதிலோரம் வந்து நின்றார். "கேட்டுச்சா, பிள்ளே?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. முன்ன நீங்க தந்திய. இப்போ ஒதுக்கித் தாறிய."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மனதில் பட்டதை அப்படியே சொல்லுகிறவள் அவள். அண்ணாச்சி மதிலின் பாசியை நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். "இனி அப்படித்தான் பிள்ளே தர முடியும்" என்றார்.

வைகாசியில் எங்கள் பக்கம் முதல் சக்கை மணத்தது. எத்தனையோ வருடம் கேட்காமல் வெட்டிய எனக்கு அன்றைக்குக் கத்தியோடு கை நின்றுவிட்டது. மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, வெட்டட்டா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"என்கிட்ட கேக்காத மக்கா. நீ கேக்கும்போ எனக்கு அந்தக் கச்சவடக்காரன் மொகம் வருது."