மண் போதாத குழி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சங்கரன்கோவிலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன், வீட்டு ரேடியோவுக்கே லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. எங்கேயாவது கரகரவென்று சத்தம் கேட்டால் எந்த வயர் விட்டிருக்கிறது என்றுதான் என் புத்தி போகும். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரிக்க மட்டும் வேண்டாம்.

என் மனைவி வடிவுக்கு இளைப்பு. டாக்டர் ஆஸ்துமா என்றார். எங்கள் தெரு முழுக்கத் தறி, பஞ்சுத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் பறந்துகொண்டே இருக்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், மூச்சு விசில் மாதிரி இழுக்கும், நடுநடுவே இரண்டு சின்ன இருமல். அடுத்த மூச்சு வருமா என்று பயந்துகொண்டே பக்கத்தில் படுத்திருப்பேன். "மலைக்காத்துப் பக்கமா குடி போயிருங்க, இங்கன இருந்தா தாங்காது" என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான் வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு இடம் பார்க்கப் போனோம், நானும் அவளும் அவள் தம்பி குமரையாவும்.

ஐப்பசி மாதம், மழை விட்ட காலை நேரம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, மழைவெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது, கரண்டுக் கம்பம் எவ்வளவு தூரம் என்று நான் பார்த்தேன். குமரையாவுக்கு அதெல்லாம் பத்தாது.

"அத்தான், குழி தோண்டிப் பாக்கணும். தோண்டுன மண்ணத் திரும்பப் போட்டா மிஞ்சணும். கொறஞ்சா எடம் ஆகாது."

"மிதிச்சுப் போட்டா கொறையும், லேசாப் போட்டா மிஞ்சும். இதுல என்ன இருக்கு மாப்ளே?" என்று கேலி செய்தேன். அவன் கேட்கவில்லை, கடப்பாரையும் மம்பட்டியும் இரவல் வாங்கி முழ ஆழத்துக்குத் தோண்டிவிட்டான்.

வடிவு சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் அவளுக்கு நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து நெஞ்சில் கையை வைத்தாள்.

"என்னங்க, மூச்சு லேசாயிட்டுங்க. முட்டவே இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. ஆனால் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை. அது குழிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். மண்டியிட்டுக் காதை வைத்தேன், துண்டைப் போட்டு மூடினால் சத்தம் மங்கியது, எடுத்தால் தெளிந்தது. குமரையாவுக்கும் கேட்டது. எதிரொலியாக இருந்தால்? "ஏட்டி, கொஞ்சம் மூச்சப் புடிச்சிக்கிட்டு நில்லு" என்றேன். அவள் வாயை மூடி நின்றாள். குழிக்குள் மூச்சு இழுத்துக்கொண்டேதான் இருந்தது, பிறகு இரண்டு சின்ன இருமல். அது வடிவுடைய இருமல், எனக்குத் தெரியாதா?

இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. மம்பட்டியை எடுத்தேன். வடிவு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோண்டி, அது திரும்ப எங்கிட்ட வந்துட்டுன்னா?"

மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டேன். குமரையா மண்ணைத் தள்ளி மூடினான். கைப்பிடி மண் விடாமல் வழித்துப் போட்டும், மிதிக்காமல் போட்டும், குழி ஒரு சாண் குறைந்தே நின்றது.

"ஆகாத எடம் அத்தான், வாங்க போயிருவோம்" என்று அவன் பரபரத்தான்.

"வாங்கிப் போடுங்க" என்றாள் வடிவு. "வீடு கட்டாண்டாம். வேற யாரும் வாங்கித் தோண்டிரக் கூடாது."

வாங்கினோம். வீடு கட்டவில்லை, அதே தறித் தெருவில், அதே தூசியில்தான் இன்னும் இருக்கிறோம், அவளுக்கு அன்றிலிருந்து ஒரு தும்மல்கூடக் கிடையாது. டாக்டர், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஏதேதோ விளக்கம் சொன்னார். இருக்கலாம். எனக்கென்றால் இன்றைக்கும் அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கக் கை அரிக்கிறது, ஆனால் தோண்ட மாட்டேன்.

போன ஐப்பசியில் நிலத்துக்கு வேலி பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து எலுமிச்சைத் தோப்பைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர் வந்தார், எங்கள் கதை எதுவும் தெரியாதவர்.

"அண்ணாச்சி, ஒங்க எடத்துல யாரக் கொண்டு வச்சிருக்கியோ? ஒரு பொம்பள மூச்சு விட முடியாமக் கெடந்து இழுக்குத சத்தம் கேக்கு. பாவம், ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டப்படாதா?"

"காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேறு என்ன சொல்ல? வடிவுக்காவது பக்கத்தில் நான் படுத்திருந்தேன்.