பீன்யாவில் ஹேமர் நின்ற காலை

போன சனிக்கிழமை பீன்யா தொழிற்பேட்டைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. ஓசூர் பக்கம் இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் மனிதவள மேலாளர். பெருஞ்சத்தத்தோடு இரும்பை அடிக்கும் ஹேமர் இயந்திரம் இரண்டாவதாக ஒன்று வைக்க ஊரில் எதிர்ப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஊர் மறுத்தால், புதிதாக எடுத்த நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்குப் பெஞ்சு எல்லாம் கொடுத்திருந்தோம். பீன்யாவில் இதே வேலை செய்யும் ஒரு பட்டறைக்கும் தெருவுக்கும் பல வருடமாகச் சண்டையே இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன்.

ஓசூரில் காலை 6.10க்குப் பேருந்து, 7.50க்கு மெஜஸ்டிக் பேருந்து நிலையம். அங்கிருந்து மெட்ரோ. பீன்யா நிலையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு ஆட்டோ அறுபது ரூபாய். தெருமுனையிலேயே டிரைவர் நிறுத்திவிட்டார். ஒரு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பட்டறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஸ்ட்ரைக் போலிருக்கிறது, வந்ததே தண்டம் என்று நினைத்தேன்.

ஸ்ட்ரைக் இல்லை. தெருவில் சாவு என்றால் பாடி எடுக்கும்வரை ஹேமர் ஓடாது என்றார் பட்டறை மேலாளர். உற்பத்தி என்னாவது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டுவார்களாம். இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லையாம்.

பட்டறைக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கோலார் தங்கவயல்காரர், தமிழ் பேசுபவர். எப்படி ஆரம்பித்தது என்று அவரிடம் கேட்டேன்.

“மொதல்ல நிறுத்துனது ஆபரேட்டரு. அவரும் இந்தத் தெருதான். ஓனர் திட்டல, அப்டியே வழக்கமாயிடுச்சி. சத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு சார். சாவு வூட்ல மட்டும் கேக்கக் கூடாது.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதம் முன்பு எங்கள் மதிலை ஒட்டிய வீட்டில் ஒரு பெரியவர் இறந்தார். கம்பெனி பெயர் போட்ட மாலை அனுப்பினோம். ஹேமரை நிறுத்தவில்லை. எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து அவர் மகன் வெங்கடேசனுடையது.

மெனக்கெட்டுப் பேசிய அந்த இருவருக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. இப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று: மேலாளரோடு நிறுத்தாமல் மதிலுக்கு வெளியே ஒரு மணி நேரமாவது இருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் எழுபது ரூபாய் போதும்.

திரும்பும் பேருந்திலிருந்து வெங்கடேசனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கம்மா அழுதது எங்களுக்கே கேக்கல சார்,” என்றார். பிறகு, கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வரச் சொன்னார்.