அம்மா கழற்றச் சொன்ன போல்ட்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸுக்கு அம்மாதான் இன்ஜினியர். வகுப்பில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஃபைல் பார்த்தார்கள். என் அம்மா ஆளுயர பம்பைப் பார்த்தாள். அந்தத் திமிர் எனக்கு இன்றுவரை போகவில்லை.

நான் மூன்றாவது படித்த வருஷம், கொளுத்தும் மே மாதத்தில் பழைய பம்ப் படுத்துவிட்டது. புது பம்ப் வந்து பைப்பும் மாட்டியாகிவிட்டது. ஓட்டிவிடும் நாளன்று காலனியே பம்ப் ஹவுஸ் வாசலில் கூடியது. காண்ட்ராக்டர் பம்புக்குச் சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டார். ஸ்விட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி.

அம்மா போடவில்லை. மெயின் ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபிட்டரிடம், “பையா, போல்ட் கோலோ” என்றாள். பைப்பையும் பம்பையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்கிறாள்!

“மேடம்ஜி, பூஜா ஹோ கயீ!” என்று காண்ட்ராக்டர் அலறினார். பூஜை முடிந்த மெஷினில் ஸ்பேனர் வைப்பதா? எங்கள் கீழ் வீட்டு மாமா முன்னால் வந்தார். “தேங்கா உடைச்சப்புறம் பிரிக்கறது அபசகுனம்மா. ஜல்தி ஆரம்பிச்சுடு.”

“நான் சாமியைப் பிரிக்கலை மாமா, போல்ட்டைத்தான் பிரிக்கறேன்.”

கடைசி போல்ட் வந்ததும் பைப் டணாரென்று விலகி, ஒரு விரற்கடை தள்ளிப்போய் நின்றது. அடேயப்பா, அந்தச் சத்தம்! அளவு சேராத பைப்பைச் செயின் போட்டு இழுத்துப் பிடித்து முடுக்கியிருக்கிறார்கள்.

“பைப் தானா வந்து பம்ப் வாயில உக்காரணும். இழுத்துக் கட்டினா அந்த பாரமெல்லாம் பம்ப் மேலதான் விழும்” என்றாள் அம்மா. பைப்பை வெட்டி மறுபடி வெல்டிங் வைக்கவும், அடியில் சிமெண்டுத் தாங்கிகள் கட்டவும் சொல்லிவிட்டாள். சிமெண்ட் இறுக வேண்டும். அதுவரை குழாயில் தண்ணீர் கிடையாது.

அப்பா குமாஸ்தா, சண்டை சச்சரவு ஆகாதவர். வீட்டுக்கு வந்ததும், “ரெண்டு நாள் ஓடட்டுமே, அப்புறம் சரி பண்ணிக்கலாமே” என்று இழுத்தார்.

“ரெண்டு நாள்ல பேரிங் போயிடும். அப்புறம் கோடை முழுக்க எல்லாரும் தண்ணிக்கு எங்க போவா?”

அந்த பம்ப் பிறகு ஒரு முனகல் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடியது. ஆனால் அது ஓட ஆரம்பிக்கும்வரை டேங்கர்தான். டேங்கர் ஹார்ன் அடித்தால் காலனி முழுவதும் பக்கெட்டோடு பறக்கும். நாங்களும் பறப்போம். ஆனாலும் வரிசையில் எப்போதும் கடைசியில்தான் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட முன்னால் போய் நின்றுகொண்டார்கள். நேற்றுவரை அம்மாவிடம் உறைமோர் வாங்கிப் போன மாமி, எங்கள் பக்கம் திரும்பாமலே தன் குடத்தை எங்கள் பக்கெட்டுக்கு முன்னால் வைத்தாள். அம்மா எங்கள் பக்கெட்டைப் பின்னால் இழுத்து வைத்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய அதிகாரி என்றால் இப்படித்தான், ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டுத் தான் கடைசியில் பிடிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவருக்கும், அம்மாவின் சார்பில், நானே ஒதுங்கிச் சிரித்துக்கொண்டே வழிவிட்டேன்.