சூரியக் காருக்கு வைத்த பொட்டு

பிள்ளையை அறிவியல் போட்டிக்குக் கூட்டிப்போக வழி கேட்டு இரண்டு தாய்மார் எனக்கு எழுதியிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் சனிக்கிழமை, ஸ்காபரோவின் மல்வேர்னில் இருந்து நகர மையத்துக்கு நாங்கள் போன கதையைச் சொல்கிறேன். வழியோடு சேர்த்து நான் விட்ட பிழையும் தெரியட்டும்.

மகள் மயூரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. சூரிய ஒளியில் ஓடும் சின்னக் கார் ஒன்றை நான்கு மாதமாகச் செய்திருந்தாள். "உது ஓடாட்டி இனி சயன்ஸ் பக்கமே போகமாட்டன்" என்று போட்டிக்கு முதல்நாள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள், என் பிள்ளையல்லவா?

காலை ஏழு இருபதுக்குப் பஸ். பிறகு ஸ்காபரோ ரயில் (அது இப்போது இல்லை, பஸ்தான்), கெனடி நிலையத்தில் மாறி, நிலத்துக்குக் கீழே ஓடும் சப்வே. பெரியவருக்கு இரண்டு டொலர், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ் குழியில் விழும்போதெல்லாம் மடியில் இருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்து "பிள்ளையாரே" என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, கேக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கார்" என்றேன். அடுத்த குழிக்கு மனிதர் பஸ்ஸை மெதுவாக்கினார்.

ஒன்பது ஐந்துக்கு மண்டபத்தில் நின்றோம். நடுவர் பதினொன்றுக்கு வருவார். மயூரி சூரியனுக்குப் பதிலாகக் கொண்டுவந்த விளக்கைப் போட்டாள். கார் அசையவில்லை. மோட்டரைப் பற்றரியில் கொடுத்தால் ஓடுகிறது, சூரியத் தகட்டில் கொடுத்தால் இல்லை. வயர்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினாள்.

"அம்மா, நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ?"

"ஐயோ, நான் ஏன் பிள்ளை தொடுறன்?"

நடுவர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண். குனிந்து பார்த்து, தகட்டில் அந்த மஞ்சள் என்ன என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. காலையில் அவள் பல் துலக்கும் நேரம், புது வாகனத்துக்கு வைப்பதுபோல, தகட்டின் நடுவே சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாகப் பொட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்கும் பொட்டு உண்டு. அதனால் அவள் கண்ணிலும் படவில்லை. சில்லுக்கு அடியில் நசுங்கத் தேசிக்காய் வைக்காததுதான் குறை.

இத்தனை பேருக்கு முன்னால் ஏசப்போகிறாள் என்று பயந்தேன். அவள் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். கார் பாய்ந்தது, மேசை விளிம்பில் ஏந்திப் பிடித்தேன். அவள் அதை வாங்கி விளக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்து, தகட்டில் ஒரு துண்டை விரலால் மூடினாள். சில்லு நின்றது. எடுத்தாள், சுற்றியது.

"எட்டுத் துண்டும் வரிசையாகக் கோர்த்தவை. ஒன்றை மறைத்தால் எல்லாம் நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தது என் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவர் என் கையைக் குலுக்கினார்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முந்திப் போங்கள், மேலதிக வயர் கொண்டுபோங்கள். பொட்டு வைக்காமல் மனம் கேட்காவிட்டால் பெட்டிக்கு வையுங்கள்.

திரும்பும்போது சப்வேயில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அழாதேங்கோ அம்மா. அடுத்த வருசம் சில்லிலை வையுங்கோ, ஓகே?"

அடுத்த வருசம் என்றாளே, அது மட்டும்தான் எனக்குக் கேட்டது.