ஒட்டுப்பாலில் பறந்த விமானம்

நாற்பதை நெருங்கும் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிறான் என்று தெரிந்தால் எங்கள் தோட்டத்தில் சிரிப்பார்கள். நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தெஹியோவிட்ட டவுனில் போட்டோகொப்பி எடுத்து, விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுக்கும் கடையொன்றில் எனக்கு வேலை. வீடு ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அக்காவோடு. அவள் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அத்தான் கொழும்பில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். கலியாணம் ஆகாத தம்பிக்கு அக்கா சமைத்துப் போடுகிறாள், தம்பி விமானம் ஓட்டுகிறான். இதைச் சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லவந்த வெட்கம் இது அல்ல.

வெளிநாடு போன கூட்டாளி ஒருவன் தன் ஜோய்ஸ்டிக்கை என்னிடம் விட்டுப்போனான். சண்டை விமானத்துக்கென்று செய்தது. ஒரு சாண் உயரம், விரல் படுகிற இடமெல்லாம் பொத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் ஓட்டுவது இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அதில் பிடி தரையிலிருந்து எழும்பி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே வந்து நிற்கும். மேசைமேல் வைத்த பொம்மையைச் சுரண்டிக்கொண்டு, நானும் விமானம் ஓட்டுகிறேன் என்று சொல்ல என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மேல்பிடியைக் கழற்றி, வயர் இழுக்கிற பிளாஸ்டிக் குழாயில் இரண்டடி வெட்டி நடுவில் செருகி, அடிப்பாகத்தைப் பலகையில் இறுக்கி, கதிரைக்கு முன்னால் தரையில் வைத்தேன். பார்க்க அசல் போலவே இருந்தது. கையை எடுத்தால் மட்டும் குடிகாரனைப்போல ஒரு பக்கமாகச் சரிந்தது.

பிடி நீண்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது. நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் நிறுத்த ஏதாவது வேண்டும். த்ரீவீலில் கழற்றிய ஸ்பிரிங் போட்டுப் பார்த்தேன், இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினேன், அது நடுவுக்கு வந்ததும் வெடுக்கென்று துள்ளியது. தரையிறங்கும்போது அந்தத் துள்ளல்தான் எமன். ஓடுபாதைக்கு ஒரு முழம் மேலே, மூக்கை மயிரிழை தூக்க வேண்டிய நேரத்தில், என் விமானம் ஒன்று அசையாது, இல்லையென்றால் குதிரைபோலக் குதிக்கும். சனிக்கிழமைகளில் இன்டர்நெட்டில் என்னோடு சேர்ந்து ஓட்டுகிறவர்கள், இழுக்க இழுக்க மெதுவாக இறுகும் சாமான் ஒன்றைத் தேடச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஒட்டுப்பால் ஞாபகம் வந்தது. ரப்பர் மரத்தில் பால் இறங்கி முடிந்த பிறகு, மிச்சம் அந்த வெட்டிலேயே உறைந்து நீள நாடாவாகக் காய்ந்து கிடக்கும். அடுத்த முறை வெட்டுவதற்கு முன் அதை உரித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதையும் பாலோடு கொண்டுபோய் நிறுத்து, தோட்டத்தில் ஒப்படைக்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் அதைக் களவாகச் சுற்றிப் பந்து செய்வோம், லயத்துக் கூரையைத் தாண்டி எழும்பும். இவ்வளவு நல்ல ரப்பர் மரத்துக்கு மரம் ஒட்டிக்கிடக்க, சைக்கிள் டியூப்போடு மாரடித்தேனே என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, கொஞ்சம் ஒட்டுப்பால் கொண்டாந்து தர்றியா? அறுபடாத நீட்டு நாடாவா பாத்து."

"எதுக்குடா?"

"ஒரு சாமான் செய்யத்தான்."

"தோட்டத்து சாமான்ல கை வைக்க மாட்டேன் தம்பி. அதுவும் இப்ப வேணவே வேணாம்."

அந்த 'இப்ப' எனக்கு விளங்கியது. தோட்டத்தில் ஒரு கங்காணி வேலை காலியாகியிருந்தது. முதல் தடவையாக அதற்கு ஒரு பொம்பளையைப் போடப்போகிறார்கள், அக்காவின் பெயரைத்தான் மேலே அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. கங்காணியானால் விடியற்காலையில் மலையேறி முந்நூறு மரம் வெட்ட வேண்டாம். அவளுக்கு முழங்கால் வலி. ஆனால் வலிக்காக மட்டும் அவள் அதை விரும்பவில்லை. காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, பெயர் கூப்பிடுகிறவளாக நிற்க வேண்டும் என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். தனக்கென்று ஒன்று வேண்டும் என அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இதெல்லாம் தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போனதும் ஒரு ஷொப்பிங் பையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அடுத்தவள் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று, அக்காவுக்கு ஒதுக்கிய மரங்களுக்கே போனேன். அன்றைக்கு அதை நான் நேர்மை என்று நினைத்தேன். ஒவ்வொருத்திக்கும் மரம் குறித்துக் கொடுத்திருக்கிற தோட்டத்தில், எந்த மரத்தில் குறைந்தாலும் அந்த மரத்துக்காரியைத்தான் கேட்பார்கள் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. அக்காவுடையது என்றால் எங்களுடையது என்று நினைத்தேன். பத்து நாடா போதும் என்று போனவன் பை நிறைய உரித்தேன். அறுந்ததைக் கீழே எறிந்துவிட்டு முழுசாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்று மூன்றாகப் பின்னி, நாலு பக்கமும் கட்டினேன். என்னவென்று சொல்வது, அவ்வளவு அருமையாக இருந்தது. பிடி நடுவில் அமைதியாக நின்றது. அன்றைக்கு நான் விமானத்தை இறக்கியபோது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. படம் எடுத்து, 'எங்கள் தோட்டத்து ரப்பர்' என்று எழுதிச் சனிக்கிழமைக் குழுவுக்கு அனுப்பினேன். சபாஷ் மேல் சபாஷ் வந்தது.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று கடைக்குப் பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்து ஓட்டினேன். பகல் பசியெடுக்க, பாண் வாங்கக் கீழே இறங்கினேன். பாண் கடைக்கு எதிரேதான் பால் நிறுக்கிற கொட்டகை. பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்க, தராசுக்குப் பக்கத்தில் கண்டக்டர் நின்றார். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்ல, மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர். சிங்களவர், கடுமையான ஆள், ஆனால் நியாயமானவர். அக்காவின் முறை வந்தது. பால் சரி. ஒட்டுப்பால் பையைத் தராசில் வைத்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார். அக்கா ஏதோ சொன்னாள். பிறகு அவர் சாப்பாட்டுப் பையைக் காட்ட, அவள் அதைத் திறந்து, சோற்றுப் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கடைச் சுவருக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து கொட்டகைக்கு இருபது அடி இருக்கும். காய்ச்சல்காரன் எப்படி வெளியே வருவது என்று மனதில் ஒரு சாக்கு ஓடியது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் ஓடியது. பாணை வாங்கிக்கொண்டு குறுக்கு வழியால் வீட்டுக்கு ஏறிவிட்டேன்.

பின்னேரம் அக்கா வழக்கம்போலச் சமைத்தாள். அவள் முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தாள், நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை விமானம் தானாகவே வலப்பக்கம் சாயத் தொடங்கியது. பார்த்தால், இடப்பக்கத்துப் பின்னல் தளர்ந்து தொய்ந்திருந்தது. இறுக்கிக் கட்டினேன். அடுத்த நாள் நாலும் தொய்ந்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டின. அறையில் நாற்றம் வேறு. வெள்ளிக்கிழமை அக்கா வேலை முடிந்து வந்து வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கங்காணிக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க," என்றாள். அவ்வளவுதான். சோறு போட்டாள், மீன் துண்டில் பெரியதை என் தட்டில் வைத்தாள். அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தேன்.

மறுநாள் பின்னேரம் கண்டக்டரின் வீட்டுக்குப் போனேன். படியேறும்வரை மனதுக்குள் வசனம் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். நாங்கள் பேசியது சிங்களத்தில். ஒட்டுப்பாலை எடுத்தது அக்கா இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"உன் அக்கா அன்றைக்கே ஒத்துக்கொண்டாளே," என்றார். "அடுப்புப் பற்றவைக்க எடுத்தேன் என்றாள். யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். தன் வாயாலேயே எடுத்தேன் என்றவளை நான் எப்படிக் கங்காணிக்கு அனுப்புவது?"

அக்கா மரத்தைப் பார்த்ததுமே ஆளைக் கண்டுகொண்டிருக்கிறாள். சனிக்கிழமை அதைக் கேட்டவன் நான்தானே. வேறு யாரோ என்று சொன்னால் தேடுவார்கள், தேடினால் வீட்டுக்கு வருவார்கள்.

போனை எடுத்து நான் குழுவுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். விளையாட்டு விமானத்தின் பிடி என்றேன். அவர் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"ஒரு பெரிய மனுஷன் இதற்காக ரப்பர் களவெடுப்பானா? அக்காவைக் காப்பாற்ற வந்திருக்கிறாய்." என் தோளைத் தட்டினார். "ஹொந்த மல்லி கெனெக்." நல்ல தம்பி என்கிறார்.

இல்லை என்று நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பலகையைக் கொண்டுவந்து, பிசுபிசுத்த பின்னலோடு அவர் மேசையில் வைத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. 'நல்ல தம்பி' என்றதும் உள்ளே ஏதோ ஒன்று சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது. அவர் மனைவி கொடுத்த பிஸ்கட்டைக்கூடச் சாப்பிட்டேன். அக்காவின் பையைத் திறக்கவைத்த அன்று சுவருக்குப் பின்னால் நின்றதைவிட, அந்த பிஸ்கட்டை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்தபோது என் அறைக் கதவு திறந்திருந்தது. பலகையில் பிடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கட்டு நாலையும் காணவில்லை. குசினியில் அக்கா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். மடியில் என் பின்னல்கள். ஒன்றைப் பிரித்து, விறகுக்குக் கீழே செருகி, தீக்குச்சி கிழித்தாள். கரும்புகையோடு பிடித்துக்கொண்டது.

"பச்ச ரப்பர் அப்பிடித்தான்டா. இழுத்துக் கட்டுனா கட்டுனபடியே தொய்ஞ்சு போயிரும். எதுக்குன்னு சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா," என்றேன்.

"அடுப்புக்குன்னு கண்டக்டர் ஐயாகிட்ட சொல்லிட்டேன். சொன்னது பொய்யாப் போக வேணாம்."

மிச்சம் மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன்.