நேற்றைய மண்

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீதிக்குப் பின்னால், மோட்டார் பம்புக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே மண்ணில் அச்சுப் பிடிக்கும் மோல்டர் வேலை. எனக்கு மில்லில். நாலு வயது மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்கு ஓடுவேன்.

அந்தப் பால்வாடி டீச்சர் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கவே மாட்டார். வேப்பமரத்தடியில் மண்ணைக் கொட்டி, வீடு கட்டு, கிணறு தோண்டு, விரலால் ‘அ’ போடு என்று விட்டுவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க டீச்சர், மண்ணுல பொரண்டா படிப்பு வருமுங்களா?”

“மொதல்ல விரலுக்கு வலு வரட்டுங்க அம்மணி. பென்சில் எங்க போயிரப் போகுது?”

ஒரே மாதத்தில் மகள் என் வாயை அடைத்துவிட்டாள். எழுத்தெல்லாம் மண்ணிலேயே வந்துவிட்டது. மண்ணில் தோசை கூடச் சுடுவாள். கல்லில் தண்ணீர் தெளித்து ‘சுர்’ரென்றால்தான் மாவு ஊற்ற வேண்டும் என்று மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் வேறு.

மண் கொடுத்தது பவுண்டரி. வார்த்து முடித்து உடைத்துப்போட்ட கறுப்பு மண், கொழுக்கட்டை மாவு மாதிரி பிடித்த பிடியில் நிற்கும். வாராவாரம் என் வீட்டுக்காரர்தான் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார். பவுண்டரியில் சாயங்காலம்தான் இரும்பு ஊற்றுவார்கள். மண் ராத்திரியெல்லாம் ஆறிவிடும். காலையில் கிடப்பது நேற்றைய மண், பச்சைப் பிள்ளையும் கை வைக்கலாம்.

ஒருநாள் அவர் காங்கேயத்துக்கு ஒரு சாவுக்கு, கேதம் கேட்கப் போயிருந்தார். அன்று சாயங்காலம் கரண்ட் போனதால், ஊற்றுவதை விடியற்காலைக்குத் தள்ளிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. மறுநாள் வேலைக்கு வந்தவர், கிடந்த மண்ணை வழக்கம்போல் அள்ளிவந்து கொட்டிவிட்டுப் போனார். மேலே தண்ணீர் தெளித்திருந்ததால் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. உடையாத கட்டிகளுக்குள் நெருப்பு இருந்தது.

கிணறு தோண்டுவதில் என் மகள்தான் முதல் ஆள். வலது கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள்.

வீதியே டீச்சர் மேல் பாய்ந்தது. “புள்ளைங்கள மண்ணுல உட்டவளைச் சொல்லோணும்” என்றார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மண்ணைக் கொட்டிய என் வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. “நேத்து மண்ணுன்னு நெனச்சுப்போட்டேன்” என்று அவர் சுவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் சோறு போட்டேன்.

புது டீச்சர் கதவைச் சாத்தி, பிள்ளைகளைக் கை கட்டி உட்கார வைத்தார். ஊருக்குத் திருப்தி. என் மகளுக்குக் கை கட்டவும் வரவில்லை. வீட்டிலும் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இனி எதையும் தொட்டே பார்க்க மாட்டாளோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவளை மூலையில் காணோம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், ஈர மண்ணுக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள். இடது கையில் டம்ளர். மண்மேல் தண்ணீர் தெளித்து, குனிந்து காது கொடுத்தாள். ‘சுர்’ரென்று சத்தம் வரவில்லை. மறுபடியும் தெளித்தாள்.

பல் விளக்கிக்கொண்டே என் வீட்டுக்காரர் வந்தார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, இது நேத்து மண்ணுங்களா?”

அவர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தன் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுக் காட்டினார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை அதைச் சுற்றித் தெளித்தாள்.